உங்க அக்காவா இருந்தா?

மருத்துவர்களிடம் நம் ஆட்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பரிசோதனை எல்லாம் முடிந்து, ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டி, இப்படிச் செய்தால் இது, அப்படிச் செய்தால் அது என்று மருத்துவர் விளக்கி முடித்த பிறகு, நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்து கேட்பார்கள்: “உங்க சொந்த அக்காவா இருந்தா என்ன பண்ணுவீங்க டாக்டர்?” அக்கா இருக்கும் இடத்தில் சில சமயம் அம்மா வரும், அப்பா வரும். கேள்வி மாறாது.

படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி பிடிப்பதில்லை. தன் உடம்பைப் பற்றிய முடிவைத் தான் எடுக்காமல் இன்னொருவர் தலையில் கட்டுகிற பாமரத்தனம் என்று நினைக்கிறார்கள். மருத்துவருக்கும் சங்கடம். சொன்னது பலிக்காவிட்டால் ‘நீங்கதானே சொன்னீங்க’ என்று வந்து நிற்பார்களே என்ற பயம். அதனால் பலரும் சிரித்து மழுப்பிவிடுவார்கள், அல்லது “முடிவு உங்களோடதுங்க” என்று காகிதத்தை இந்தப் பக்கம் நகர்த்துவார்கள்.

ஒன்றரை வருடமாக இந்தக் கேள்வியைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். காரணம் என் அக்காவின் கழுத்து. அந்தக் கேள்வி பாமரத்தனமானதல்ல என்றும், மருத்துவ அறவியல் இவ்வளவு காலம் பேசிவரும் ‘நோயாளியின் உரிமை’ என்ற சொல்லுக்குள் இல்லாத எதையோ அது கேட்கிறது என்றும் இப்போது நினைக்கிறேன். அது எது என்பதைச் சொல்லிப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

*

அக்கா கோபிசெட்டிபாளையத்தில் ஜாக்கெட் தைப்பவள். இருபத்தாறு வருடத் தொழில். நாளைக்கு ஏழெட்டு மணி நேரம் மெஷின் மேல் குனிந்திருப்பாள். ஐம்பத்தோராவது வயதில் தோள்பட்டையில் ஆரம்பித்த வலி வலது கை வழியாக இறங்கியது. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மரத்துப்போயின. பாதி வெட்டிக்கொண்டிருக்கும்போதே கத்தரி நழுவும். “கத்தரியப் புடிச்சா கை என்னோடதே இல்லாத மாதிரி இருக்குது தம்பி” என்றாள்.

எம்.ஆர்.ஐ. எடுத்தோம். கழுத்தில் ஐந்தாவது எலும்புக்கும் ஆறாவது எலும்புக்கும் நடுவில் உள்ள டிஸ்க், நம் ஊர்ப் பேச்சில் ஜவ்வு, பிதுங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. நமக்குக் கழுத்தில் ஏழு எலும்புகள். ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழுதான். மேலே உள்ள இரண்டு எலும்புகளுக்கு நடுவே டிஸ்க் கிடையாது. ஆனால் தலையை இடம் வலமாகத் திருப்புகிறோமே, அதில் ஏறக்குறைய பாதி அந்த ஒரே மூட்டில்தான் நடக்கிறது. மீதிப் பாதியையும் குனிவதையும் நிமிர்வதையும் கீழே உள்ளவை பகிர்ந்துகொள்கின்றன. அதிகம் தேய்வது ஐந்து-ஆறும் ஆறு-ஏழும். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே பிதுங்கினால் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது ஆறாவது நரம்பு. கட்டைவிரல் உணர்வும் மணிக்கட்டை மேலே தூக்கும் வலுவும் அதன் பொறுப்பு.

நான்கு மாதம் மாத்திரை, கழுத்துப் பட்டை, பிசியோதெரபி. கொஞ்சம் தேவலை, ஆனால் போகவில்லை. கோயம்புத்தூரில் இரண்டு அறுவை மருத்துவர்களைப் பார்த்தோம்.

முதலாமவர், டிஸ்க்கை எடுத்துவிட்டு இரண்டு எலும்பையும் ஒட்டவைத்துவிடலாம் என்றார். ஃபியூஷன். நடுவில் ஒரு சிறு கூண்டு, முன்னால் ஒரு பிளேட், ஸ்குரூ. சில மாதங்களில் இரண்டு எலும்பும் ஒன்றாகிவிடும். “அறுபது வருஷத்துக்கு மேல பண்ணிட்டிருக்கற ஆபரேஷன். பூட்டிட்டா அந்த இடத்துல அதோட பிரச்சினை முடிஞ்சது.”

இரண்டாமவர், எடுத்த டிஸ்க்குக்குப் பதில் செயற்கை டிஸ்க் வைக்கலாம் என்றார். கீல் மாதிரி. “பூட்டினா மேலயும் கீழயும் இருக்கற டிஸ்க்குக்கு வேலை கூடிரும். இதுல கழுத்து இயற்கையா அசையும்.” செலவு கூடுதல்.

இருவரும் கடைசியில் சொன்னது ஒரே வாக்கியம்: “ரெண்டுமே நல்ல ஆபரேஷன்தான். முடிவு நீங்க எடுத்துக்கங்க.”

வீட்டுக்கு வந்ததும் அக்கா கோப்பை என் மடியில் வைத்தாள். “நீதான நாலெழுத்துப் படிச்சவன். நீயே சொல்லு.” மாமாவோ, “அவகிட்ட எதுக்குக் கேட்டுகிட்டு? நாம ரெண்டு பேரும் பேசி ஒண்ண முடிவு பண்ணிரலாம்” என்றார். மருத்துவர் அக்காவுக்குக் கொடுத்த உரிமை அன்று ராத்திரியே எங்கள் கைக்கு வந்துவிட்டது.

*

நான் படிக்க ஆரம்பித்தேன். இந்த இரண்டு சிகிச்சைகளின் கதையும் சுவாரசியமானது.

கழுத்தின் முன்பக்கமாகப் போய் டிஸ்க்கை எடுத்து, இடுப்பெலும்பிலிருந்து வெட்டிய துண்டை அங்கே வைத்து ஒட்டவைக்கும் முறையை 1950களில் அமெரிக்காவில் ராபின்சனும் ஸ்மித்தும் ஒரு பக்கம், ஹவாயில் கிளவர்ட் இன்னொரு பக்கம் உருவாக்கினார்கள். 1958இல் இரண்டு முறைகளும் விரிவாக வெளிவந்தன. இன்றைக்குச் செய்யப்படுவது அதன் வழிவந்ததுதான். கை வலி போவதில் இது நன்றாகவே வேலை செய்தது.

சந்தேகம் வந்தது பக்கத்து டிஸ்க்குகளைப் பற்றி. 1999இல் ஹிலிப்ராண்டும் சகாக்களும் ஃபியூஷன் செய்துகொண்ட 374 பேரைத் தொடர்ந்து பார்த்து வெளியிட்ட ஆய்வு எல்லோராலும் மேற்கோள் காட்டப்படுவது. வருடத்துக்குச் சுமார் 2.9 சதவீதம் பேருக்குப் பக்கத்து இடத்தில் புதிதாகத் தொந்தரவு. பத்து வருடத்தில் நான்கில் ஒருவருக்கு என்று கணக்கு வந்தது. ஒரு கதவின் கீலை இறுக்கிவிட்டால் மற்ற கீல்கள் தேயும் என்ற எளிய தர்க்கம். ஆனால் அதே ஆய்வில் அந்தத் தர்க்கத்துக்குப் பொருந்தாத ஒரு விஷயமும் இருந்தது. ஒரே இடத்தில் பூட்டியவர்களைவிடப் பல இடங்களில் பூட்டியவர்களுக்குப் பக்கத்துத் தொந்தரவு குறைவு. பாரம் கூடுவதுதான் முழுக் காரணம் என்றால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? தேயக்கூடிய டிஸ்க்குகள் பூட்டினாலும் பூட்டாவிட்டாலும் தேயும் என்பதற்கும் அதில் இடமிருக்கிறது.

அசைவைக் காப்பாற்றும் ஆசை இதற்கெல்லாம் முன்பே இருந்தது. ஸ்வீடனில் ஃபெர்ன்ஸ்ட்ரோம் என்ற மருத்துவர் 1960களில் டிஸ்க் இருந்த இடத்தில் எஃகு உருண்டையை வைத்துப் பார்த்தார். உருண்டைகள் எலும்புக்குள் அமிழ்ந்தன. பிரிஸ்டலில் ஃபிரெஞ்சே மருத்துவமனையில் கம்மின்ஸ் எஃகில் ஒரு பந்துக்கிண்ண மூட்டைச் செய்து, 20 பேரின் அனுபவத்தை 1998இல் வெளியிட்டார். அதன் வழிவந்த டிஸ்க்குக்கு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2007இல் அனுமதி கொடுத்தது. பின்னால் வேறு பல வந்தன.

அனுமதிக்காக நடந்த அந்தப் பெரிய பரிசோதனைகளில் செயற்கை டிஸ்க் ஃபியூஷனுக்குச் சளைத்ததல்ல என்று தெரிந்தது. ஏழு வருடம் தொடர்ந்து பார்த்தவற்றில் மறுபடி அறுவைக்குப் போனவர்கள் செயற்கை டிஸ்க் பக்கம் குறைவு. இது சாதாரண விஷயமல்ல. ஆனால் அவற்றை நடத்திய செலவு டிஸ்க் தயாரித்த நிறுவனங்களுடையது. எந்த சிகிச்சை நடந்தது என்பது நோயாளிக்கும் தெரியும், மறுபடி அறுவை வேண்டுமா என்று தீர்மானிக்கும் மருத்துவருக்கும் தெரியும். புதுசு கிடைக்கும் என்று வந்து பழசு கிடைத்தவரின் வலியும், புதுசு கிடைத்தவரின் வலியும் ஒரே தராசில் நிற்குமா?

யாருக்கு என்ன வைத்தார்கள் என்பதை நோயாளியிடம் மறைத்துச் செய்த ஆய்வுகளும் உண்டு. நார்வேயில் 136 பேரிடம் நடந்து 2017இல் வெளிவந்தது ஒன்று. இரண்டு வருட முடிவில் இரு தரப்புக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. நெதர்லாந்தில் நடந்து 2019இல் வெளிவந்த இன்னொன்றில் மூன்று அணிகள்: டிஸ்க்கை எடுத்துவிட்டுக் கூண்டு வைத்தவர்கள், செயற்கை டிஸ்க் வைத்தவர்கள், டிஸ்க்கை எடுத்துவிட்டு எதையுமே வைக்காதவர்கள். இரண்டு வருடத்தில் மூன்று அணியும் ஏறக்குறைய ஒரே மாதிரி. இந்த மூன்றாவது அணி எங்களிடம் யாரும் சொல்லாத ஒன்று.

இன்னொரு விஷயமும் உண்டு. அசைவதற்காக வைக்கப்படும் செயற்கை டிஸ்க்கைச் சுற்றிச் சிலருக்கு எலும்பு வளர்கிறது. அந்த வளர்ச்சி முற்றிப்போய் இரண்டு எலும்பும் தாமாகவே ஒட்டிக்கொள்வதும் உண்டு. கூடுதல் பணம் கட்டிக் கீல் வாங்கி மாட்டினால், உடம்பு அதைத் தானே பூட்டிவிடுகிறது. அப்படி ஆனவர்களில் பலருக்குக் கை வலி திரும்பவில்லை என்பதும் உண்மை.

அடிப்படையாக எனக்குப் பட்டது இது: கை வலியைப் போக்குவது நரம்பின் மேலிருக்கும் அழுத்தத்தை எடுப்பது. அது இரண்டு அறுவையிலும் ஒன்றேதான். காலியான இடத்தில் எதை வைக்கிறோம் என்பது பத்து, இருபது வருடங்கள் கழித்து நடக்கப்போவதைப் பற்றிய பந்தயம். அந்தப் பந்தயத்தில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

*

இப்போது அந்த வாக்கியத்துக்கு வருவோம். “முடிவு உங்களோடது.”

இந்த வாக்கியம் போராடிப் பெற்றது. ஒரு காலத்தில் மருத்துவர் நோயாளியிடம் எதையும் சொல்ல வேண்டியதில்லை. தகவலறிந்த சம்மதம் என்ற கருத்து அந்தச் சொல்லோடு நீதிமன்றத் தீர்ப்பில் வந்தது 1957இல், கலிபோர்னியாவில். நம் உச்ச நீதிமன்றம் 2008இல் ஒரு டெல்லி வழக்கில் இதைப் பேசியது. சோதனைக்காக மயக்கம் கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு, அவர் மயக்கத்தில் இருக்கும்போதே வெளியே நின்ற தாயிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு பெரிய அறுவையைச் செய்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து எதுவும் இல்லை. தாயின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். வயதுவந்த ஒருவரின் உடம்புக்கு அவரே அதிகாரி. எங்கள் மாமா மாதிரி மனிதர்களுக்குச் சொல்லப்பட்ட தீர்ப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே அந்த வாக்கியத்தை நான் இளக்காரமாகப் பேச வரவில்லை. ஆனால் ஒரே வாக்கியம் இரண்டு வேலையைச் செய்ய முடியும். ‘உன் உடம்பு, உன் வாழ்க்கை, உனக்கு எது முக்கியமென்று உனக்குத்தான் தெரியும்’ என்பது ஒன்று. ‘எனக்கும் தெரியவில்லை, நாளைக்கு ஏதாவது ஆனால் என்னைக் கேட்காதே’ என்பது இன்னொன்று. இரண்டாவதில் கைமாறுவது உரிமை அல்ல, பாரம். ஆதாரங்கள் எவ்வளவுக்குச் சமமாக இருக்கின்றனவோ அவ்வளவுக்கு இரண்டாவதற்கு வாய்ப்பு அதிகம்.

ஜெரால்ட் டுவொர்கின் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1980களில் ஒரு கேள்வியை எழுப்பினார். தேர்வுகள் கூடக்கூட நல்லதுதானா? அவர் சுட்டிய ஒரு விஷயம் எளிமையானது. ஒரு தேர்வு உன் முன் வைக்கப்பட்டுவிட்டால், நீ தேர்ந்தெடுக்காமல் விட்டாலும் அதற்கு நீயே பொறுப்பாகிவிடுகிறாய். முன்பு விதி என்று விட்டிருக்கக்கூடியது இப்போது உன் தப்பு. ஜவ்வு விலகியது அக்காவின் தலையெழுத்து. தப்பான ஆபரேஷனை எடுத்துக்கொண்டால் அது அக்காவின் முட்டாள்தனம். இப்படி ஆகிவிடுகிறது கணக்கு. தூக்கமில்லாமல் அவள் புரண்டது வலியால் மட்டுமல்ல.

தேர்வு என்ற சொல்லில் இன்னொரு சூழ்ச்சியும் இருக்கிறது. யாரும் வேண்டுமென்று செய்வதல்ல. இரண்டு பொருளை எதிரில் வைத்து ‘இதுவா அதுவா’ என்று கேட்டவுடன், மூன்றாவதாக ஒன்று இருக்குமா என்று தேடும் மனமே நின்றுவிடுகிறது. ‘அசைவா, உறுதியா’ என்று கேட்டால் நாம் நம் குணத்தைப் பற்றி யோசிக்க ஆரம்பிக்கிறோம். அசைவு என்றால் உயிர், பூட்டு என்றால் சாவு என்று மனசு தானாகவே உவமை கட்டுகிறது. எனக்கும் அப்படித்தான் ஓடியது. அக்காவின் கழுத்தைப் பற்றி நாங்கள் யாருமே பேசவில்லை.

*

மூன்றாவதாக ஒருவரைப் பார்த்தோம். வயதானவர், சிறிய மருத்துவமனை. அவரும் இரண்டையும் சொன்னார். சொல்லி முடித்ததும் அக்கா நாற்காலி நுனிக்கு வந்தாள்.

“ஏனுங்க டாக்டர், உங்க கூடப் பொறந்த அக்காவா இருந்தா என்ன பண்ணுவீங்க?”

அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தார். பிறகு பதில் சொல்லாமல் திருப்பிக் கேட்க ஆரம்பித்தார். எத்தனை மணி நேரம் தைக்கிறீங்க? மோட்டார் மெஷினா, மிதிக்கறதா? வெட்டறது தரையில உக்காந்தா, மேசையிலயா? நாலு மாசம் முன்ன இருந்த வலிக்கு இப்ப எவ்வளவு? ராத்திரி எழுப்புதா? நடக்கறப்ப தடுமாறுதா? சட்டைப் பட்டன் போட முடியுதா? வேலைய நிறுத்தினா வீடு ஓடுமா? கடைசிக் கேள்விக்கு மாமா பதில் சொல்ல வாயெடுத்தார். “அவங்க சொல்லட்டுங்க” என்றார் டாக்டர். அக்கா சொன்னாள்: “ரெண்டு மாசம் தாங்குங்க. அதுக்கு மேல சீட்டு கட்ட முடியாது.”

கையைப் பிடித்து மணிக்கட்டின் வலுவைப் பார்த்தார். கோப்பிலிருந்து பழைய எக்ஸ்ரே இரண்டை எடுத்தார். குனிந்தபடி ஒன்று, நிமிர்ந்தபடி ஒன்று. நான்கு மாதமாக அந்தப் படங்கள் எங்களிடம்தான் இருந்தன. ஒன்றின் மேல் ஒன்றை வைத்து வெளிச்சத்தில் காட்டினார்.

“இங்க பாருங்க. மத்த எலும்பெல்லாம் குனியறப்ப விரியுது, நிமிர்றப்ப சுருங்குது. இந்த ரெண்டு மட்டும் அப்படியே இருக்குது. ஓரத்துல எலும்பு வளந்து, பின்னாடி மூட்டும் தேஞ்சிருக்கு. இந்த இடம் உங்களுக்கு எப்பவோ அசையறத நிறுத்திருச்சு. அசையாத இடத்துல அசையற சாமானை வச்சு என்னம்மா பண்றது?”

இரண்டு வாரம் படித்த எனக்குப் பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. அசைவா, பூட்டா என்ற எங்கள் தத்துவச் சண்டைக்கு அந்தக் கழுத்தில் இடமே இல்லை. செயற்கை டிஸ்க் பரிசோதனைகளிலும் இப்படி அசைவற்றுப்போன கழுத்துகளைச் சேர்க்கவில்லை. வயது குறைந்தவர், எலும்பு வளராமல் டிஸ்க் மட்டும் பிதுங்கியவர் என்றால் அவர் வேறு பதில் சொல்லியிருப்பார். அதையும் சொன்னார்.

“எங்க அக்காவா இருந்தா, ஆபரேஷன்னா பூட்டத்தான் சொல்லுவேன். ஆனா இன்னிக்குச் சொல்ல மாட்டேன். வலு கொஞ்சந்தான் குறைஞ்சிருக்கு, கூடிட்டுப் போகல. தண்டுவடத்துல அழுத்தமில்ல. ஆறு வாரம் பாப்பேன். வாரா வாரம் கையச் சோதிப்பேன். வலு குறைஞ்சா அன்னிக்கே வந்துருன்னு சொல்லுவேன்.”

காத்திருப்பது. அதுவும் ஒரு வழி என்பது எங்களுக்கு முன்னால் வைக்கப்படவே இல்லை. அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரத்தில் 1976 முதல் 1990 வரை கழுத்து நரம்பு வலி வந்த 561 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. சுமார் கால் பங்கினர் அறுவைக்குப் போனார்கள். கடைசியாகப் பார்த்தபோது பத்தில் ஒன்பது பேர் தொந்தரவே இல்லாமலோ லேசான தொந்தரவோடோ இருந்தார்கள். ஜப்பானில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேரின் கழுத்தை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால் 87.6 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு டிஸ்க் பிதுங்கியிருந்தது. படம் மட்டுமே நோயாளி இல்லை.

பஸ்ஸில் வரும்போது அக்கா சொன்னாள்: “அளவு ஜாக்கெட் இல்லாம துணிய மட்டும் குடுத்துட்டு, முப்பத்தாறு சைஸ்ல தைச்சிருங்கன்னு சொல்லுவாங்க சில பேரு. முப்பத்தாறுங்கறது யாரோட உடம்பு? ஒருத்தி உடம்பும் இல்ல.”

அந்தக் கேள்வி என்ன செய்கிறது என்பது எனக்குப் பிடிபட்ட இடம் அது. ஆய்வுகள் சொல்வது சராசரி. சராசரிக்குக் கழுத்து கிடையாது, தையல் மெஷின் கிடையாது, சீட்டு கிடையாது. ‘உங்க அக்காவா இருந்தா’ என்று கேட்பவள் மருத்துவரின் முடிவைக் கடன் கேட்கவில்லை. அளவெடுக்கச் சொல்கிறாள். உங்களுக்குத் தெரிந்த பொதுவான விஷயங்களை எல்லாம் வைத்துக்கொண்டு இந்த ஒரு ஆளைப் பாருங்கள் என்கிறாள். சொந்த அக்காவின் எக்ஸ்ரேயை யாரும் கோப்பில் மூடியே வைத்திருக்க மாட்டார்கள்.

*

இதை இத்தோடு முடித்தால் கதை இனிப்பாகிவிடும். இந்தக் கேள்விக்கு எதிராகச் சொல்ல நியாயமான விஷயங்கள் இருக்கின்றன.

2011இல் பீட்டர் உபெலும் சகாக்களும் அமெரிக்க மருத்துவர்களிடம் ஒரு கற்பனை நிலைமையைக் கொடுத்தார்கள். குடல் புற்றுக்கு இரண்டு அறுவைகள். ஒன்றில் சாவு கொஞ்சம் அதிகம், மோசமான பக்கவிளைவுகள் இல்லை. இன்னொன்றில் சாவு குறைவு, ஆனால் சிலருக்கு வாழ்நாள் அவஸ்தை. உங்களுக்கே என்றால் எது என்று கேட்டபோது 37.8 சதவீதம் பேர் சாவு அதிகமுள்ளதைத் தேர்ந்தார்கள். நோயாளிக்கு எதைச் சொல்வீர்கள் என்று கேட்டபோது 24.5 சதவீதம்தான். தனக்கு ஒன்று, அடுத்தவருக்கு ஒன்று. இதில் எது சரி? தனக்கென்று வரும்போது அவஸ்தையின் பயம் கண்ணை மறைக்கிறதா, அடுத்தவருக்கென்று வரும்போது தள்ளிநின்று பார்க்கத் தெளிவு வருகிறதா? தெளிவாகச் சொல்ல முடியாது. நெருக்கம் வந்தால் உண்மை வந்துவிடும் என்று நம்புவதற்கில்லை என்பது மட்டும் புரிகிறது.

இன்னொன்று இதைவிடக் கடுமையானது. சொந்த அக்காவிடம் நாம் எப்படி நடந்துகொள்கிறோம்? கேட்காமல் முடிவு எடுக்கிறோம். புற்று என்றால் அவளிடம் மறைக்கிறோம். கையெழுத்தை மாமா போடுகிறார். டெல்லி வழக்கில் சம்மதம் சொன்னவர் அந்நியர் இல்லை, பெற்ற தாய். பிரியத்துக்கு அதிகாரமாக மாறுவதற்கு நம் வீடுகளில் ஒரு நொடிகூட ஆவதில்லை. உறவுதான் அளவுகோல் என்றால் அந்த உறவின் அழுக்கும் சேர்ந்தே வரும்.

நான் போய்ச் சேரும் இடம் இரண்டுக்கும் நடுவில். அந்நியருக்குக் காட்டும் மரியாதை வேண்டும். கேட்டு, சொல்லி, அவள் சொல்லும்வரை காத்திருக்கும் மரியாதை. மாமாவை அமைதியாக இருக்கச் சொன்னாரே அந்த டாக்டர், அது. அதோடு அக்காவுக்குக் காட்டும் கவனமும் வேண்டும். படத்தை எடுத்து வெளிச்சத்தில் வைக்கும் கவனம். மரியாதை மட்டும் இருந்து கவனம் இல்லையென்றால் அது கைவிடுதல்தான், எவ்வளவு நாகரிகமாகச் செய்தாலும். கவனம் மட்டும் இருந்து மரியாதை இல்லையென்றால் அது எங்கள் வீடு.

*

அக்கா காத்திருந்தாள். மூன்று வாரத்தில் வலி பாதியானது. கத்தரி நழுவவில்லை. எல்லோரும் அந்த டாக்டரைப் புகழ்ந்தோம். ஐந்தாவது வாரச் சோதனையில் மணிக்கட்டின் வலு சட்டென்று குறைந்திருந்தது. வலி இல்லாமலே வலு போயிருந்தது. அடுத்த நான்காவது நாள் அறுவை. பூட்டினார்கள். கழுத்தின் முன்பக்கம் மடிப்போடு மடிப்பாக ஒரு சிறு கோடு. ஒருவாரம் விழுங்கச் சிரமப்பட்டாள். கை வலி அறவே போனது. வலு பெருமளவு திரும்பியது. முழுக்க அல்ல. கனமான பட்டுத் துணியை இப்போதும் அவள் ஒரே வெட்டில் வெட்டுவதில்லை.

முன்பே செய்திருந்தால் அந்த மிச்ச வலுவும் திரும்பியிருக்குமா? அக்கா இதையும் அவரிடமே கேட்டாள். அவர் சொன்னதை நான் அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன். “திரும்பியிருக்கலாம்மா. காத்திருக்கச் சொன்னது நான்தான். உங்க கையெழுத்து அதுல இருக்குதுன்னு நான் சொல்ல மாட்டேன்.”

அந்தப் பதிலில் வழக்குப் போட இடமிருக்கிறது என்றார் மாமா. இருக்கலாம். அக்கா அடுத்த மாதம் அவருடைய மனைவிக்கு இரண்டு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாள். கூலி வாங்கிக்கொண்டாள்.

சொன்னது பலிக்காமல் போகும்போதும் கூட நிற்பதையும் சேர்த்துத்தான் அந்தக் கேள்வி கேட்கிறது என்று நினைக்கிறேன். முடிவு சரியாக வந்தால் யாரும் கூட நிற்பார்கள். ஆதாரம் இரண்டு பக்கமும் சமமாக இருக்கும் இடத்தில், எதைச் செய்தாலும் கொஞ்சம் தவறிப்போக வாய்ப்பிருக்கும் இடத்தில், ஒரு நோயாளி தேடுவது சரியான விடையை அல்ல. விடை தப்பினால் தன்னைத் தனியாக விட்டுவிட்டுப் போகாத ஒருவரை.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும் என்று ஒரு மருத்துவ நண்பர் சொன்னார். அரசு மருத்துவமனையில் காலை ஓ.பி.யில் வரிசை வாசல் வரை நிற்கும்போது தையல் மெஷின் மோட்டாரா மிதியா என்று கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? முடியாது. அது அந்த மருத்துவரின் குற்றமும் இல்லை. ஆனால் அப்படியென்றால் அங்கே இல்லாமல் போவது நேரம் என்று சொல்ல வேண்டும். நோயாளிக்கு உரிமை கொடுத்துவிட்டோம் என்று சொல்லக் கூடாது.

இன்னொன்றும் உறுத்துகிறது. அக்காவுக்கு வாய் இருந்தது, கேட்டாள். அந்த நாற்காலியில் வந்து உட்காரும் பலருக்கு நுனி வரை நகரக்கூடத் தைரியம் வராது. தலையாட்டிவிட்டுக் காகிதத்தில் கைநாட்டு வைத்துவிட்டுப் போவார்கள். அவர்கள் கேட்காததாலேயே அந்த எக்ஸ்ரே கோப்பிலேயே கிடந்துவிடலாமா?